சல்லடையில் விழுந்த ஏழு வரிகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த எனக்கு, அந்த மழையில் மூன்று வாரம் சும்மா கிடைத்தது. கையில் 4 ஜிபி நினைவகத்தோடு ஒரு பழைய மடிக்கணினி. சிக்னல் வேண்டுமென்றால் போனைச் சமையலறை ஜன்னல் கம்பியில் சாத்தி வைக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு, ஒரு புரதத்துக்குள் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்கெடுக்கும் செய்நிரல் ஒன்றைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதினேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி; அது மடிந்து கிடப்பதால் வரிசையில் தூரமானவையும் தொட்டுக்கொள்ளும். இந்த வேலைக்கு ஆயத்தமான மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. நானே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

எந்தப் புரதம் என்பதற்குக் காரணம் அப்பா. தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் தூள் சலிக்கும் அறையில்தான் அவருடைய வேலைக்காலம் முழுக்கப் போனது. வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டுக் கசக்கிப் பரப்பி வைத்தால், பச்சை இலை கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாக மாறும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே அவரோடு போவேன். இலை கசங்கும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை ஒன்றையொன்று சந்திக்காமல் இருந்த, கட்டெச்சின்கள் என்ற இலைச் சேர்மங்களும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியமும் கலக்கின்றன. காற்றின் ஒட்சிசனைக் கொண்டு நொதியம் கட்டெச்சினை ஒட்சியேற்ற, தியாபிளேவினும் தியாரூபிஜினும் உண்டாகின்றன. தேத்தண்ணியின் சாயம் அங்கேதான் பிறக்கிறது. டிரையரின் சூடு பட்டதும் நொதியத்தின் கதை முடிந்தது. இந்த நொதியத்தின் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள் இருக்கின்றன. இலையின் செம்பு நிறத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நான் எடுத்தது தேயிலையின் நொதியத்தை அல்ல, அதற்கு உறவுக்காரனான இன்னொன்றை. வத்தாளங்கிழங்கை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அந்த வேலையைச் செய்யும் கட்டெச்சோல் ஒட்சிடேஸ். 1998இல் கிளாபுண்டே என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் முறையில் இதன் அமைப்பை, அதாவது எந்த அணு எங்கே நிற்கிறது என்பதை, தீர்த்தார்கள். இந்த வகை நொதியத்தில் தாவரத்திலிருந்து கிடைத்த முதல் அமைப்பு அது. புரதத் தரவு வங்கியில் 1பிடி3 என்ற எண்ணில் கிடக்கிறது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு ஜன்னலிலும் இறங்கியது.

ஆனால் நேரே அதில் கைவைக்கவில்லை. விடை தெரிந்த சின்னப் புரதம் ஒன்றில் செய்நிரலை ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. யுபிகுயிட்டின், எண் 1யுபிகியூ. 76 அமினோ அமிலங்கள், தண்ணீரை விட்டால் 602 அணுக்கள். 1987இல் 1.8 அங்ஸ்ட்ரம் நுணுக்கத்தில் வெளியானது. ஓர் அங்ஸ்ட்ரம் என்பது மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

கோப்பைத் திறந்தால் வெறும் எழுத்துதான். ஓர் அணுவுக்கு ஒரு வரி, வரியின் தொடக்கத்தில் 'ஆட்டம்' (அணு) என்று ஆங்கிலத்தில் இருக்கும். முதல் வரி, ஒன்றாம் அமினோ அமிலமான மெதியோனினின் நைதரசன்: 27.340, 24.430, 2.614. இரண்டாம் வரி அதே மெதியோனினின் ஆல்பா காபன், அதாவது அமினோ அமிலத்தின் நடுக் காபன்: 26.266, 25.413, 2.842. இவை மூன்று அச்சுகளில் ஆள்கூறுகள். செய்நிரலை நம்புவதற்கு முன் கொப்பியில் கையாலேயே போட்டுப் பார்த்தேன். வித்தியாசங்கள் 1.074, 0.983, 0.228. வர்க்கங்களைக் கூட்டினால் 2.17, வர்க்கமூலம் 1.47. நைதரசனுக்கும் ஆல்பா காபனுக்கும் இடையிலான பிணைப்பு நீளம் எந்தப் பாடநூலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பைதகரஸ் தேற்றத்தை மூன்றாவது அச்சுக்கு நீட்டியதைத் தவிர இந்த வேலையில் பெரிய கணிதம் கிடையாது.

முதல் சறுக்கல் வரியை வெட்டுவதில் வந்தது. பைதானில் ஸ்பிளிட் என்று போட்டால் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டித் தரும். யுபிகுயிட்டினில் அழகாக வேலை செய்தது. அப்புறம், இரண்டாவது சோதனைக்கு எடுத்த கிராம்பின் என்ற 46 அமினோ அமிலப் புரதத்தில் எல்லாம் குழம்பியது. இதன் 1ஈஜேஜி கோப்பு 0.54 அங்ஸ்ட்ரம் நுணுக்கத்தில் உள்ளது. அவ்வளவு துல்லியமாகப் பார்க்கும்போது, ஒரே அணு இரண்டு நிலைகளில் மாறி மாறி நிற்பதுகூடத் தெரிந்துவிடும். அதைக் காட்டக் கோப்பில் ஏ, பி என்று ஓர் அடையாள எழுத்து இருக்கும். அது அமினோ அமிலப் பெயரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரியோனினுக்கு மூன்றெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நான்கெழுத்து வந்து நின்றது. அணுவின் பெயர் மூன்றெழுத்தாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ள, ஆள்கூறுகள் ஓர் இடம் நகர்ந்துவிட்டன.

காரணம் எளிது. இந்தக் கோப்பு வடிவம் துளையட்டைக் காலத்தது. வரிக்கு 80 எழுத்து, ஒவ்வொரு விவரத்துக்கும் நிலையான இடம். அணுவின் பெயர் 13இலிருந்து 16 வரை, அந்த ஏ, பி எழுத்து 17, அமினோ அமிலம் 18இலிருந்து 20, சங்கிலி 22, வரிசை எண் 23இலிருந்து 26, ஆள்கூறுகள் 31இலிருந்து 54 வரை எட்டெட்டாக. இடைவெளியைப் பார்க்கவே கூடாது, இடத்தை எண்ணித்தான் வெட்ட வேண்டும். ஆல்பா காபனுக்கும் கல்சியத்துக்கும் ஒரே இரண்டு எழுத்துப் பெயர்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கல்சியம் 13ஆம் இடத்தில் தொடங்கும், ஆல்பா காபன் 14இல். ஸ்பிளிட் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கும்.

திருத்திய பிறகும் கிராம்பினில் அரை அங்ஸ்ட்ரம், ஓர் அங்ஸ்ட்ரம் என்று நம்ப முடியாத தூரங்கள் வந்தன. ஏ நிலையில் நிற்கும் அணுவையும் பி நிலையில் நிற்கும் அணுவையும் வேறு வேறு ஆட்களாக எண்ணியிருக்கிறேன். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கதிரையில் உட்கார முடியாதே. எந்த நிலைக்கு வாய்ப்பு அதிகம் என்று கோப்பே சொல்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். கிராம்பினில் இன்னொரு கூத்தும் உண்டு. 22ஆம் இடத்தில் சில மூலக்கூறுகளில் புரோலின், சிலவற்றில் செரின். 25இல் லியூசினோ ஐசோலியூசினோ. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்! அங்கேயும் ஒன்றைத்தான் தேர்ந்தேன்.

சரி, தூரம் வந்துவிட்டது. எவ்வளவு தூரத்தைத் தொடுகை என்பது?

இதற்கு ஒரே விடை கிடையாது, அதுதான் இந்த வேலையின் ருசியான பகுதி. ஒரு வழி, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஆல்பா காபனை மட்டும் எடுத்து, இரண்டுக்கும் இடையில் 8 அங்ஸ்ட்ரத்துக்குள் இருந்தால் தொடுகை என்பது. இன்னொன்று அதே 8ஐப் பீட்டா காபன்களுக்கு இடையில் அளப்பது. ஆல்பா காபனிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலியின் முதல் காபன்தான் பீட்டா காபன். பக்கச் சங்கிலி எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் பாதியாவது இதில் தெரிந்துவிடும். அமைப்புகளை முன்கூட்டிச் சொல்லும் போட்டிகளில் இதைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். இதை எழுதி ஓட்டியதும் யுபிகுயிட்டினின் 10ஆவது அமினோ அமிலத்தில் செய்நிரல் பொத்தென்று விழுந்தது. 10ஆவது கிளைசின், கிளைசினுக்குப் பீட்டா காபனே கிடையாது. உயர்தரத்தில் படித்ததுதான், ஆனால் எழுதும்போது ஞாபகம் வரவில்லை. கிளைசினுக்கு மட்டும் ஆல்பா காபனை எடுப்பது வழக்கம். நானும் அப்படியே செய்தேன்.

மூன்றாவது வழி ஐதரசன் தவிர்ந்த எல்லா அணுக்களையும் அளப்பது. ஒன்றின் ஏதாவதோர் அணு மற்றதன் ஏதாவதோர் அணுவுக்கு 4.5 அங்ஸ்ட்ரத்துக்குள் வந்தால் தொடுகை. ஆர்ஜினின் போன்ற நீண்ட கைக்காரனின் நுனி ஆல்பா காபனிலிருந்து 6 அங்ஸ்ட்ரத்துக்கும் அப்பால் போய் நிற்கும். அது தூரத்திலுள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதை ஆல்பா காபன் கணக்கு பார்க்காது. யுபிகுயிட்டினின் உள்ளே 27ஆம் லைசினும் 52ஆம் அஸ்பார்டிக் அமிலமும் எதிரெதிர் மின்னேற்றத்தால் இழுத்துக்கொண்டு உப்புப் பாலம் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். என் செய்நிரலும் லைசினின் நுனி நைதரசனையும் அதன் எதிர் ஒட்சிசனையும் 4 அங்ஸ்ட்ரத்துக்குள் கொண்டுவந்து காட்டியபோதுதான் நெஞ்சில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதன்பின் இந்த மூன்றாவது வழியையே நிலையாக வைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த அமினோ அமிலங்கள் சங்கிலியால் கட்டப்பட்டவை. அவை தொடுவதில் செய்தி எதுவும் இல்லை, ஆகவே வரிசையில் மூன்று இடத்துக்குக் குறைவான சோடிகளை விட்டுவிட்டேன். விடுவதற்கு முன் ஒரு சோதனைக்கு அவற்றைப் பயன்படுத்தினேன். அடுத்தடுத்த ஆல்பா காபன்களின் தூரம் பொதுவாக 3.8ஐ ஒட்டியே இருக்கும். எங்காவது 10, 15 என்று வந்தால் இடையில் ஆள் குறைகிறது என்று பொருள். பளிங்கில் தெளிவாகத் தெரியாத பகுதிகளைக் கோப்பில் எழுத மாட்டார்கள்.

மறுநாள் கரண்ட் இல்லை. அச்சிட வழியுமில்லை. தம்பியின் சதுரக்கோட்டுக் கொப்பியில் 76க்கு 76 சதுரங்கள் வருமாறு தாள்களை ஒட்டி, போனில் எடுத்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து, தொடும் சோடியின் இரண்டு எண்களும் சந்திக்கும் சதுரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். "அக்கா, பேன் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றான். ஆனால் கையால் வைத்ததில் கண் பழகியது. 23இலிருந்து 34 வரை மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டை: அது ஆல்பா சுருள், சங்கிலி சுருள்கம்பி போலச் சுற்றும் பகுதி. சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் என்பதால் மூன்றாவதும் நான்காவதும் தொட்டுக்கொண்டே போகும். இடது மேல் மூலையில் மூலைவிட்டத்துக்குக் குறுக்காக ஒரு கோடு: 1உடன் 17, 3உடன் 15, 5உடன் 13. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 18. இரண்டு பீட்டா இழைகள், அதாவது சங்கிலி நீண்டு கிடக்கும் பகுதிகள், எதிரெதிராக ஓடினால் இப்படித்தான் கூட்டுத்தொகை மாறாது. இன்னொரு கோடு மூலைவிட்டத்துக்கு இணையாக, வெகு தூரத்தில்: 4உடன் 66, 6உடன் 68. இங்கே மாறாதது வித்தியாசம். சங்கிலியின் தலையும் வாலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் ஓடுகின்றன.

இந்தத் தொலைதூரத் தொடுகைகளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 2001இல் குரோமிஹா, செல்வராஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வரிசையில் 12க்கு மேல் இடைவெளி உள்ள தொடுகைகளை எண்ணி, அமினோ அமில எண்ணிக்கையால் வகுத்து, சிறிய புரதங்கள் எவ்வளவு வேகமாக மடிகின்றன என்பதோடு பொருத்திக் காட்டினார்கள். தூரத்து உறவு கூடக் கூட மடிவது தாமதமாகும். அந்த எண்ணையும் என் செய்நிரலில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

இனி வத்தாளங்கிழங்கு. அணுக்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் அளந்தால் முப்பது லட்சத்துக்கு மேல் சோடிகள். என் கணினிக்கு ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு விநாடி பிடித்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை ஓட்டுகிறவளுக்கு அது எரிச்சல். வர்க்கமூலம் எடுப்பதை விட்டு, தூரத்தின் வர்க்கத்தையே 20.25உடன் ஒப்பிட்டதில் கொஞ்சம் குறைந்தது. உண்மையான தீர்வு கொழுந்து மலையில் இருந்தது. மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிறார்கள். பக்கத்து நிரையில் இருப்பவரோடு கதைக்கலாம், மலையின் அந்தக் கோடியில் இருப்பவரிடம் போய்க் கதைக்க முடியுமா? வெளியை 5 அங்ஸ்ட்ரம் பக்கமுள்ள பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணுவையும் அதன் பெட்டியில் போட்டேன். தன் பெட்டியையும் சுற்றியுள்ள 26 பெட்டிகளையும் மட்டும் பார்த்தால் போதும். ஒரு விநாடிக்குள் முடிந்தது.

முதல் பட்டியலில் ஒரு விசித்திரம். 88, 109, 118, 240, 244, 274 ஆகிய ஆறு ஹிஸ்டிடின்களும் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி நின்று, அதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. செம்பைக் காணவில்லை. புரதச் சங்கிலியில் சேராத அணுக்கள் ஹெட்ஆட்டம் என்ற வேறு வரிகளில் இருக்கும், நான் அவற்றை வாசிக்கவே இல்லை. வாசித்தால் தண்ணீர் மூலக்கூறுகளும் வந்து பட்டியலை மூழ்கடித்தன. செம்பை மட்டும் எடுத்து, ஒவ்வொரு செம்பையும் தனி உறுப்பாக வைத்தேன்.

அப்படியும் ஆறு ஹிஸ்டிடினுக்கும் செம்புக்கும் இடையில் ஒரு தொடுகையும் வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பெட்டிக் கணக்கில் பிழையா என்று பழைய முறையில் ஓட்டினேன், இல்லை. இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். "வேண்டாததையெல்லாம் சலிச்சுத் தள்ளிட்டேன்பா, ஆனா வேண்டியதும் வரல."

"கீழ விழுந்தத பாத்தியா?" என்றார், ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டுக்கொண்டே. "டஸ்ட் தூளும் கீழதான் விழும். அதுலதான் சாயம் கூட."

பார்க்கவில்லைதான். கிராம்பினில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2.5 அங்ஸ்ட்ரத்துக்குக் குறைவாக எது வந்தாலும் அணுக்கள் இடித்துக்கொள்கின்றன, தரவில் பிழை என்று அந்தச் சோடியையே கழித்துவிடும்படி எழுதியிருந்தேன். கந்தகமும் கந்தகமும் 2.05இல் பிணையும் சிஸ்டீன் சோடிக்கு மட்டும் விலக்கு. கழிப்பதை எங்கும் பதியவும் இல்லை. அன்றிரவு கழிவுக்குத் தனிக் கோப்பு ஒன்று வைத்து மறுபடி ஓட்டினேன். உண்மையாகவே இடிக்கிற சில்லறைச் சோடிகளும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஆறு வரிகள்: ஆறு ஹிஸ்டிடின்களின் நைதரசன், எதிரில் செம்பு, எல்லாம் இரண்டை ஒட்டிய தூரம். உலோகத்தோடு நைதரசன் பிணைந்தால் அவ்வளவுதான் இருக்க வேண்டும். என் சல்லடை நொதியத்தின் இதயத்தையே கழித்துக் கொட்டியிருந்தது.

ஏழாவது வரியைத்தான் நம்ப முடியவில்லை. 92ஆம் சிஸ்டீனின் கந்தகம், 109ஆம் ஹிஸ்டிடினின் வளையத்துக் காபன், 2 அங்ஸ்ட்ரத்துக்கும் குறைவான தூரம். ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் கந்தகமும் காபனும் மூன்றரைக்குக் கிட்டவே நிற்கும். இது பிழைதான் என்று அழிக்கப் போய், கை நின்றது. கந்தகத்துக்கும் காபனுக்கும் இடையில் பங்கீட்டு வலுப் பிணைப்பு இருந்தால் நீளம் 1.8. அமைப்பைத் தீர்த்தவர்களின் கட்டுரையை மறுநாள் ஜன்னலில் நின்று இறக்கி வாசித்தேன். அதேதான்: சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் தயோஈதர்ப் பாலத்தால் கட்டப்பட்டிருக்கின்றன. வழமையான புரதங்களில் காண முடியாத பிணைப்பு. நியூரோஸ்போரா பூஞ்சையின் டைரோசினேஸ் நொதியத்திலும், ஒக்டோபஸின் இரத்தத்தில் ஒட்சிசன் சுமக்கும் ஹீமோசயனினிலும் இதே பாலம் உண்டு. செம்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடினை அங்கே இங்கே திரும்பவிடாமல் இறுக்கி வைக்கிறது.

பிறகு 2.5 என்ற ஒற்றை எல்லையை எடுத்துவிட்டேன். இப்போது குறைந்த தூரச் சோடிகள் எந்த மூலகம், எந்த மூலகம் என்று பார்த்துப் 'பிணைப்பு', 'உலோகம்', 'சந்தேகம்' என்று மூன்று தட்டில் விழுகின்றன. எதுவும் வெளியே கொட்டப்படுவதில்லை.

கடைசி வாரத்தில் செய்தது ஒப்பீடு. இதே நொதியம் இலத்திரன் வாங்கித் தாழ்த்தப்பட்ட நிலையிலும் தீர்க்கப்பட்டிருக்கிறது, எண் 1பிடி2. இரண்டு கோப்பிலும் தொடுகைப் பட்டியல் எடுத்து, எது புதிதாக வந்தது, எது போனது என்று கழித்துப் பார்த்தால் நீண்ட பட்டியல் வந்தது. முதலில் துள்ளினேன். ஆறுதலாகப் பார்த்தால், பெரும்பாலானவை 4.4ஆக இருந்து 4.6 ஆனவை. இரண்டரை அங்ஸ்ட்ரம் நுணுக்கமுள்ள அமைப்பில் அணுவின் இடமே அதைவிடக் கூடுதலாகத் தள்ளாடலாம். ஆகவே ஒன்றில் 4.5க்குள்ளும் மற்றதில் 5.5க்கு வெளியிலும் இருந்தால் மட்டுமே மாற்றம் என்று வைத்தேன். பட்டியல் அரைப் பக்கமாகச் சுருங்கியது.

அந்த அரைப் பக்கத்தில் செம்பைத் தேடினேன். இல்லை. முதல் நிலையில் இரண்டு செம்புக்கும் இடையில் 2.9 அங்ஸ்ட்ரம், தாழ்த்தப்பட்டதும் விலகி 4.4. இந்த நொதியத்தில் நடக்கும் மிகப் பெரிய அசைவுகளில் ஒன்று. ஆனால் இரண்டும் 4.5க்குள். என் செய்நிரல் அதை 'மாற்றம் இல்லை' என்ற பகுதியில் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தது. தொடுகை உண்டு, இல்லை என்பதற்குப் பக்கத்தில் தூரத்தையும் எழுதப் பட்டியலில் ஒரு நிரல் சேர்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சேமித்துத்தான் வைத்திருந்தேன்.